உங்களுக்குத் தெரியுமா? கண்டி டு காலி... சைக்கிளில்!

இலங்கைக்கு ஹனிமூன் போகிறவர்களைத் தெரியும். நேர்ந்துகொண்டு கதிர்காமம் போகிறவர்களைத் தெரியும். சைக்கிள் மிதிப்பதற்கென்றே போகிறவர்கள் இருக்கிறார்களே, தெரியுமா? கண்டியில் ஏறி உட்கார்ந்து நுவரெலியா, எல்ல, திஸ்ஸமகாராம வழியாகக் காலிக் கோட்டையில் இறங்குகிற டூர். முன்னால் கைடு, பின்னால் மெக்கானிக், அவருக்கும் பின்னால் ஒரு வேன். அந்த வழி நெடுக நாம் அள்ளிய தகவல்கள்... பிடியுங்கள்!

முதலில் டயர். சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரை டன்லப் உருவாக்கியது 1888இல். ஆனால் ரப்பர் கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்துவிட்டது 1876இல்! கம்பஹா பக்கம் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டு வளர்த்தார்கள். டயர் பிறப்பதற்கு 12 வருடம் முன்பே மரம் ரெடி!

அந்த டன்லப் என்ன வேலை பார்த்தவர், சொல்லுங்கள்? இன்ஜினீயரா? இல்லை. கால்நடை டாக்டர்! மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்கியதைப் பொறுக்காமல் செய்ததுதான் அந்த டயர்!

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1,30,058. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய சரிபாதி! அந்தப் பாதிக்குள் பனி விழும் மலை, சிறுத்தைக் காடு, திமிங்கிலக் கடல் மூன்றும் அடக்கம்!

சொந்த எலெக்ட்ரிக் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாமா? முடியாது! 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் இடமில்லை. எலெக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியோ சாதாரணமாகவே 400, 500 வாட்-ஹவர்! அங்கே போய் வாடகைக்கு எடுப்பதுதான் ஒரே வழி. உயரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அளவு பார்த்து வண்டியை எடுத்து வைப்பார்கள்.

சைக்கிள்காரர்களின் பஞ்சு வைத்த ஷார்ட்ஸைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஜட்டி போடவே கூடாது! தையல் உரசி இரண்டாம் நாளே தோல் கன்றிவிடும். முதல் நாள் காலையில் கைடு தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லும் முதல் அறிவிப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்!

"மலை ஏற முடியாதே எனக்கு" என்கிறீர்களா? கையைத் தூக்கினால் போதும், சைக்கிளோடு உங்களையும் வேனில் ஏற்றிக்கொள்வார்கள். பல டூர்களில் கடுமையான ஏற்றங்களை வேனிலும் ரயிலிலும் கடத்திவிட்டு, இறக்கத்தை மட்டும் நமக்கு விட்டுவிடுகிறார்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் கட்சியும் அதுவே!

கண்டி ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு சுமார் 3 கிலோமீட்டர். உடம்பைச் சூடேற்ற அளவெடுத்து வெட்டியதுபோல் இருக்கும். 1807இல் வெட்டியவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம்! 1815இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிறகு கப்பலேற்றினார்கள். எங்கே? நம்ம வேலூர்க் கோட்டைக்கு! 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. வேலூர்க்காரர்களே, பார்த்துவிட்டீர்களா?

பேராதனைத் தாவரவியல் பூங்கா 147 ஏக்கர். உள்ளே ஒரு நாகலிங்க மரம். நட்டவர் யார் தெரியுமா? பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஐந்தாம் ஜார்ஜ், 1901இல்! இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்கு ஆசியப் படைக்கே தலைமையகம் போட்டதும் இந்தத் தோட்டத்தில்தான்!

காலை ஆறு மணி. ஊரே தூங்குகிறது. எங்கிருந்தோ பீத்தோவன் இசை! கனவு இல்லை, பாண் வண்டி! பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்த ஆட்டோ. சூடு ஆறாத பாண், மீன் வைத்த மாலு பாண், முதலை வடிவத்தில் சீனி தூவிய கிம்புலா பனிஸ். 'சூன் பான்' என்பார்கள். ஸ்பீக்கரில் ஓடுவது 'ஃப்யூர் எலீஸ்'! சைக்கிள்காரர்கள் பிரேக் பிடிக்கும் முதல் இடம் இதுதான். அந்த இசை அச்சில் வந்தது பீத்தோவன் இறந்து 40 வருடம் கழித்து, 1867இல். அந்த 1867ஐ மறந்துவிடாதீர்கள், ஐந்து நிமிடத்தில் வேலை இருக்கிறது!

கண்டி சுமார் 500 மீட்டர் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். நடுவில் ரம்பொடை. 109 மீட்டர் அருவி, கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் இறங்குகிறது. காலையில் வியர்வை, மாலையில் ஸ்வெட்டர்!

இந்த வளைவுகளில் பூ விற்கும் பையன்கள் ஒரு காலத்தில் உலகப் பிரசித்தம். முதல் வளைவில் வாங்க மாட்டீர்களா? தேயிலைச் சரிவில் குறுக்கே ஓடி அடுத்த வளைவில் நிற்பான். அங்கேயும் வாங்காவிட்டால் அதற்கடுத்த வளைவிலும் அவனே! காரையே தோற்கடித்த கால்களுக்கு முன் சைக்கிள் எம்மாத்திரம்!

இப்போது 1867. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பங்களா வராந்தாவில் மேசை போட்டு, இலையைக் கையாலேயே உருட்டிப் பதப்படுத்தினார். 1873இல் லண்டனுக்குப் போன சரக்கு எவ்வளவு? வெறும் 23 பவுண்டு, சுமார் 10 கிலோ! உலகமே குடிக்கும் 'சிலோன் டீ' ஒரு கைப்பையில் அடங்கிய நாள் அது!

அதற்கு முன் இந்த மலை முழுக்கக் காபி! 1869இல் இலையில் துரு நோய் கண்டது. அதோடு காபி காலி, தேயிலை ராஜ்யம்!

அந்தக் காபிக் காலத்தில் நம்மூர் மக்கள் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள் தெரியுமா? மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து! சுமார் 150 மைல்! காய்ச்சலிலும் பசியிலும் பாதி வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 200 ஆண்டு நினைவாக 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த வழியை மறுபடி நடந்து காட்டினார்கள்.

தேயிலை செடி அல்ல, மரம்! கவ்வாத்து வெட்டாமல் விட்டால் பத்து மீட்டருக்கும் வளரும். இடுப்பு உயரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்!

சைக்கிளைச் சாலையோரம் சாய்த்துவிட்டு ஒரு நிமிடம் கொழுந்து எடுப்பதைப் பாருங்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. கண் அடுத்த செடியில் இருக்கும், விரல் இந்தச் செடியில் கிள்ளும். கை நிறைந்ததும் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீச்சு, ஒரு இலை கீழே சிந்தாது. கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுந்தியிருக்கும், விரல் நுனியில் கறை ஏறியிருக்கும். பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ நிறுத்துக் காட்டினால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம்! நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை. அட்டைக் கடி தனி. "எந்த ஊரு, சென்னையா?" என்று கேட்டு வாய் நிறையச் சிரிப்பார்கள். கேட்கும்போதும் விரல் நிற்காது!

நீலகிரியில் தமிழ்நாடு அரசின் 'டேன்டீ' இருக்கிறதே, அதுவும் இந்த மலையின் கதைதான்! இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கியது!

ஆங்கிலேயர் போட்ட பழைய தேயிலை வண்டிப் பாதைகளைக் கோத்து 'பெக்கோ டிரெயில்' என்று ஒன்று உருவாக்கியிருக்கிறார்கள். 22 பகுதிகள், 300 கிலோமீட்டருக்கும் மேல்!

நுவரெலியாவில் சாலையோரம் இலையோடு கட்டுக்கட்டாகத் தொங்கும் கேரட், லீக்ஸ், பீட்ரூட்... இந்த ஊரில் ஐரோப்பியக் காய்கறிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் சாமுவேல் பேக்கர். 1848இல் இங்கே பண்ணை அமைத்தார். சும்மா இருந்தாரா? ஆப்பிரிக்காவுக்குப் போய், 1864இல் நைல் பாயும் ஏரி ஒன்றைக் கண்டு 'ஆல்பர்ட் ஏரி' என்று பேர் வைத்தார். கேரட்டிலிருந்து நைலுக்கு!

இங்கே கோல்ஃப் மைதானம் 1889லேயே வந்துவிட்டது. ஜனவரி, பிப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல் மேல் உறைபனி பூத்திருக்கும். பூமத்திய ரேகையிலிருந்து வெறும் 7 டிகிரியில் உறைபனி!

ஹோர்ட்டன் சமவெளிக்குள் போகிறீர்களா? வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். பாலிதீன் உறை, தண்ணீர் பாட்டிலின் லேபிள்... எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள்! உள்ளே நடைதான். 'உலக முடிவு' என்ற விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் சுமார் 880 மீட்டர் கிடுகிடு பள்ளம்! ஆனால் ஒன்பது மணிக்கு மேல் போய்ப் பிரயோஜனம் இல்லை. மூடுபனி வந்து மொத்தத்தையும் மூடிவிடும், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்!

மகாவலி, களனி, வளவை... மூன்று நதிகளுக்கும் இந்தச் சமவெளியில் ஊற்றுக்கண். இதில் வளவையை நினைவில் வையுங்கள். கடற்கரைச் சாலையில் அம்பலாந்தோட்டைப் பாலத்தில் இதே நதியைச் சைக்கிளில் கடப்பீர்கள்! மலையில் துள்ளிப் புறப்பட்டது அங்கே சாதுவாகக் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும்.

பட்டிப்பொல ரயில் நிலையம் 6,200 அடிக்கும் மேலே! ஊட்டி இதைவிட உயரம்தான், ஆனால் அது மீட்டர் கேஜ். பட்டிப்பொல அகலப்பாதை! ஐந்தரை அடி அகலத் தண்டவாளம் இவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது!

ஹப்புத்தளை பக்கம் தம்பேதன்ன தொழிற்சாலையிலிருந்து 7 கிலோமீட்டர் ஏற்றம் மிதித்தால் 'லிப்டன் இருக்கை'. ஆமாம், டீத்தூள் பாக்கெட்டில் இருக்கும் அதே லிப்டன்தான்! 1890இல் இந்தத் தோட்டங்களை வாங்கிப்போட்டு, இங்கே உட்கார்ந்துதான் அழகு பார்த்தாராம். டீயில் உலகை வென்றவர் அமெரிக்கா கோப்பை படகுப் பந்தயத்தில் எத்தனை முறை மோதினார்? ஐந்து! எத்தனை முறை ஜெயித்தார்? பூஜ்யம்!

எல்ல ஊரின் ஒன்பது வளைவுப் பாலம் 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். 1921இல் முடிந்தது. உள்ளே எஃகு எவ்வளவு? துளியும் இல்லை! கல், செங்கல், சிமெண்ட் மட்டுமே. ரயில் வரும் நேரத்துக்கு ஆயிரம் செல்போன் அங்கே தூக்கி நிற்கும். நம் ஓட்டு அதற்கு இல்லை, அடுத்த ஸ்டேஷன் தெமோதரைக்குத்தான். அங்கே ரயில் பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இறங்கி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் புகுந்து போகிறது! கூட்டமும் இல்லை!

எல்ல 1,041 மீட்டர். அங்கிருந்து வெல்லவாய வரை 30 கிலோமீட்டருக்குள் சுமார் 800 மீட்டர் இறக்கம்! மிதிக்கவே வேண்டாம். வேலையெல்லாம் பிரேக் பிடிக்கும் விரல்களுக்கு. விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடித்துவிடும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். கைடு ஏன் வளைவுக்கு வளைவு நிறுத்தி "போட்டோ எடுத்துக்கோங்க" என்கிறார்? பாதி உங்களுக்காக, மீதி பிரேக் ஆறுவதற்காக!

வழியில் ராவணன் அருவி, 25 மீட்டர். குளிக்கப் போகும் முன் சைக்கிள் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துவிடுங்கள். குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும்!

வெல்லவாய பக்கம் புதுருவாகலையில் ஒரே பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தர் 51 அடி! ஆயிரம் வருடம் மழையில் நனைந்தும் காவி வண்ணம் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

சமவெளிக்கு வந்ததும் சாலையோரக் கடைகளில் மண்சட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். உள்ளே எருமைத் தயிர். மேலே கித்துள் பாணி ஊற்றித் தருவார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது! கடைக்காரர் கவிழ்த்தே காட்டுவார். 60 கிலோமீட்டர் மிதித்தவனுக்கு இதைவிட வேறு மருந்து கிடையாது. பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் தொங்குவது செவ்விளநீர். குடித்து முடித்ததும் பிளந்து தரச் சொல்லுங்கள், வழுக்கை இலவசம்!

புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் காட்டுச் சாலையில் கைடு சைக்கிள்களை வேனில் ஏற்றிவிடுவார். ஏன்? சுங்கச்சாவடி இருக்கிறது. வசூலிப்பது யானை! நடுச்சாலையில் நின்று வண்டியை மறித்து, ஜன்னலுக்குள் தும்பிக்கை விட்டுப் பழம் கேட்கும்! பக்தர்கள் கொடுத்துப் பழக்கியது. நீங்கள் கொடுக்காதீர்கள், அடுத்து வருபவர் பாடு திண்டாட்டம்.

கதிர்காமத்தில் முருகன் சிலையைப் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை! கருவறைக்கு முன் திரைச்சீலை. அந்தத் திரைக்குத்தான் பூசை, அந்தத் திரைக்குத்தான் கும்பிடு. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காட்டு வழியே நடந்தே வருகிறவர்கள் திரையைக் கண்டு கண்ணீர் விட்டுத் திரும்புகிறார்கள்!

இலங்கைக் காட்டில் புலி கிடையாது. சிங்கமும் கிடையாது. கொடியில் மட்டும்தான் சிங்கம்! அதனால் சிறுத்தைதான் ராஜா. யால காட்டில் பட்டப்பகலில் பாறை மேல் சோம்பல் முறிக்கும். பக்கத்துப் புந்தல இலங்கையின் முதல் ராம்சர் ஈரநிலம், 1990இல்!

அம்பாந்தோட்டைச் சாலைகள் சைக்கிள்காரரின் சொர்க்கம்! நாலு வழிப்பாதை, வண்டியே இல்லை. அருகிலேயே 2013இல் திறந்த மத்தல சர்வதேச விமான நிலையம். உலகிலேயே மிகக் காலியான சர்வதேச விமான நிலையம் என்று பேர் வாங்கியது. சரக்கு முனையத்தில் கொஞ்ச காலம் நெல்லைச் சேமித்து வைத்தார்களாம்!

எப்போது போவது? இந்த மலைக்கும் தென்கரைக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை. மே மாதம் கிளம்பினால்? தென்கரையில் மழை, கிழக்குக்கரையில் வெயில்! ஒரே தீவில் பெரும்பாலான மாதங்களில் ஏதோ ஒரு கடற்கரை காய்ந்தே இருக்கும்!

திக்வெல்லையில் உட்கார்ந்திருக்கும் புத்தர் 50 மீட்டர். கொஞ்ச தூரம் மிதித்தால் தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கம், நாட்டிலேயே உயரமானது, 49 மீட்டர். உட்கார்ந்தவர் நிற்பவரை ஒரு மீட்டர் முந்திவிட்டார்!

தேவேந்திரமுனை இலங்கையின் தென்கோடி. அங்கே நின்று நேர் தெற்கே பாருங்கள். அடுத்த தரை எது? அண்டார்டிகா! நடுவில் ஒரு தீவுகூடக் கிடையாது. சுமார் 8,000 கிலோமீட்டர் வெறும் தண்ணீர்!

உங்கள் வீட்டுப் பிரியாணியில் விழுவது பெரும்பாலும் தடிப் பட்டை. காகிதம்போல் மெலிந்து சுருண்ட அசல் பட்டை இந்தத் தென்கரையில் விளைகிறது. இலங்கையில் கறுவா என்பார்கள். தரையில் உட்கார்ந்து, மேல்தோலைச் சீவி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, கத்தியால் கீறி முழுசாக உரித்தெடுப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துச் சுருட்டி நிழலில் காயப்போடுவார்கள். உச்சத் தரத்துக்குப் பேர் 'ஆல்பா'. சுருளின் குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது! 2022இல் ஐரோப்பிய யூனியனே புவிசார் குறியீடு கொடுத்துவிட்டது!

கொக்கலை ஏரியைச் சாதாரண ஏரி என்று தாண்டிப் போய்விடாதீர்கள். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து கடல் விமானங்கள் நிற்காமல் பறந்து வந்து இறங்கியது இந்தத் தண்ணீரில்தான்! பயண நேரம் எவ்வளவு? 30 மணி நேரம்கூட ஆகும்! வானத்திலேயே இரண்டு சூரிய உதயம் பார்த்த பயணிகளுக்குச் சான்றிதழே கொடுத்தார்கள்!

அதே கொக்கலைக் கடலில் கம்பு நட்டு அதன் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுவார்களே, ஏதோ ஆதிகாலப் பழக்கம் என்றா நினைத்தீர்கள்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியது! இப்போது பலர் மீனுக்காக உட்காரவில்லை, கேமராவுக்காக. படம் எடுத்தால் காசு கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், வெயில் நிஜம்!

காலிக் கோட்டைச் சுவர் மேல் ஏறினால் கீழே கிரிக்கெட் மைதானம். டிக்கெட் இல்லாமலே டெஸ்ட் பார்க்கலாம்! 2010 ஜூலை 22. முத்தையா முரளிதரன், கடைசி டெஸ்ட், இந்தியாவின் கடைசி விக்கெட். ஓஜா அவுட்! 800! முரளியின் தாத்தா 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர், அப்பா கண்டியில் பிஸ்கட் தயாரித்தவர்!

கடைசியாக ஒரு கல். 1911இல் காலியில் ஒரு வடிகாலின் மூடியாகக் கிடந்தது. புரட்டினால் தமிழ்! கூடவே சீனம், பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கப்பலில் கொண்டுவந்து நட்ட கல்வெட்டு அது. சீனத்தில் புத்தருக்கு வணக்கம். பாரசீகத்தில் அல்லாவுக்கு. தமிழில்? தேவேந்திரமுனையில் இருந்த தேனவரை நாயனாருக்கு! அந்தக் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588இல் இடித்துவிட்டார்கள், கல் தப்பிவிட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். விமானம் ஏறும் முன் பார்த்துவிடுங்கள். காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான். புத்தருக்குப் பொன் 1,000, வெள்ளி 5,000. நாயனாருக்கும் அதே 1,000, அதே 5,000!